‘மாஜி’யும் ‘மாளீ’யும்: சென்றுபோனதைச் சொல்லும் ஓர் அரபுச் சொல்

‘மாஜி அமைச்சர் கைது’, ‘மாஜி எம்.எல்.ஏ. கட்சி தாவல்’ என்று நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். இதிலுள்ள ‘ஜி’யை காந்திஜி, நேருஜி போல மரியாதைக்குச் சேர்த்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது நம் பிள்ளைகள் மதரஸாவில் ஸர்ஃப் பாடத்தின் தொடக்கத்திலேயே ஓதும் சொல்தான். மாளீ, முளாரிஃ, அம்ரு என்று மனப்பாடம் செய்வார்களே, அந்த ‘மாளீ’தான் பத்திரிகையின் ‘மாஜி’. இறந்தகாலம், சென்றுபோனது என்பது பொருள்.

மீம், ளாத், யே என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் இது. ‘போனான், கடந்தான்’ என்பது வேரின் அடிப்படைப் பொருள். முன்சென்ற சமூகங்களின் நிலையைச் சொல்லும்போது குர்ஆனில் அல்அன்ஃபால் 38ஆம் வசனத்திலும், அஸ்ஸுக்ருஃப் 8ஆம் வசனத்திலும் இதே வேர்ச்சொல் வருகிறது. நன்றாக வெட்டிச் செல்லும் வாளையும் அரபியில் ‘மாளீ’ என்பார்கள். ஒரு காரியத்தை நடத்தி அனுப்புவது ‘இம்ளா’. இன்றைய அரபியில் கையெழுத்துக்கும் அதுதான் பெயர்.

சரி, ‘ளீ’ எப்படி ‘ஜி’ ஆனது? பாரசீகத்திலும் உருதுவிலும் ‘ளாத்’ எழுத்தின் ஒலி கிடையாது. அவர்கள் அதை ‘ஸ’கரத்தின் அதிர்வொலியாக உச்சரித்தார்கள். அந்த ஒலியும் தமிழில் இல்லாததால் ‘ஜ’ ஆயிற்று. முகலாயர், ஆற்காடு நவாப் காலத்து அலுவலகங்களில் பாரசீகம் நடந்ததால் இந்த வழியில் வந்த சொற்கள் பெரும்பாலும் கச்சேரிச் சொற்கள். ஆஜர், ஜாமீன், ஜில்லா, அர்ஜி எல்லாமே அரபியில் ‘ளாத்’ எழுத்து உள்ளவை. ‘ராஜினாமா’வின் முதற்பாதியும் ‘ராளீ’, அதாவது சம்மதித்தவர். ‘நாமா’ பாரசீகத்தில் கடிதம். ஆக, ராஜினாமா செய்தவர் மாஜி ஆகும்போது இரண்டு ‘ளாத்’கள் வேலை செய்கின்றன! கம்பெனி ஆட்சி 1837இல் பாரசீகத்தை அலுவல் மொழி என்ற இடத்திலிருந்து நீக்கியது. சொற்கள் மட்டும் போகவில்லை.

இங்கேதான் நம் வீடுகளில் நடக்கும் ஒரு வாக்குவாதத்துக்கு வருகிறோம். ரமலானா, ரமளானா, ரம்ஜானா? பாட்டிமார் ‘பர்ளு’, ‘உளூ’, ‘களா’ என்று சொன்னால், வெளியூரில் படித்துவிட்டு வந்த பேரப்பிள்ளைகள் ‘அது தப்பு உச்சரிப்பு’ என்று திருத்துகிறார்கள். அவசரப்பட வேண்டாம். மார்க்கச் சொற்கள் தமிழ் முஸ்லிம்களுக்குக் கச்சேரி வழியாக வரவில்லை. கடல்வழியே, அரபு வணிகர்களோடும் ஆலிம்களோடும் நேரடியாக வந்தவை. 8ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் சீபவைஹி, ‘ளாத்’ நாக்கின் ஓரமும் அதையடுத்த கடைவாய்ப் பற்களும் சேருமிடத்தில் பிறக்கிறது என்று எழுதி வைத்தார். தஜ்வீத் ஆசிரியர்கள் இன்றும் அந்த இடத்தைத்தான் சொல்லித் தருகிறார்கள். நாக்கின் ஓரத்தில் பிறக்கும் அந்த ஒலி லகரத்தின் சாயல் கொண்டது. தமிழில் அதற்கு நெருக்கமாகக் கிடைத்தவை ல, ள, ழ. ஸ்பெயினிலும் இப்படித்தான்: ‘அல்காளீ’ என்ற நீதிபதி அங்கே ‘அல்கால்தே’ ஆனார். அதிலும் லகரம் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் அரசு நியமிப்பவர் ‘தலைமை காஜி’. இலங்கையில் ‘காழி’ என்றும் எழுதுகிறார்கள். ஒரே பதவி, வந்த பாதை வேறு.

‘பர்ளு’ என்பது முழுமையான ‘ளாத்’ அல்லதான். குர்ஆன் ஓதும்போது ஆசிரியரிடம் கற்ற உச்சரிப்பே வேண்டும். ஆனால் தமிழ் பேசும்போது ‘பர்ஜு’ என்றோ ‘ஃபர்ஸ்’ என்றோ மாற்றிக்கொள்வதால் அரபுக்கு நெருங்கிவிடுவதில்லை, உருதுவுக்குத்தான் நெருங்குகிறோம்.

இன்னொன்று. ‘மாஜி’ என்பது பதவி போனவருக்கு, ஆள் இருக்கும்போதே சொல்வது. இறந்தவருக்கு நாம் போடும் ‘மர்ஹூம்’ வேறு வேரிலிருந்து வந்தது. கல்யாணப் பத்திரிகையில் பார்த்துப் பழகி ‘காலமானவர்’ என்பதே அதன் அர்த்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். ‘ரஹ்மத்’ என்ற அதே வேர்தான். ‘அருள் செய்யப்பட்டவர்’ என்பது பொருள். ஒருவருக்கு அருள் கிடைத்துவிட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாதே என்பதால், ஆலிம்களில் சிலர் அதைவிட ‘ரஹிமஹுல்லாஹ்’ என்று துஆவாகச் சொல்வதையே விரும்புகிறார்கள். மர்ஹூம் என்பதையும் துஆவின் எண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை என்பது மற்றவர்கள் கருத்து.