மூலிகைச் சாறும் மாசற்ற முறையும்

மூலிகையின் ஆற்றல் அதன் இலையிலும் வேரிலும் அடங்கியிருப்பினும், அதனைப் பிரித்தெடுக்கும் முறையே மருந்தின் தரத்தை முடிவு செய்கிறது. சீன அறிவியலறிஞர் தூ யூயூ, மலேரியாவுக்கு மருந்து தேடி மாசிபத்திரி இனச் செடியொன்றை ஆராய்ந்தார். அச்செடியைக் காய்ச்சாது நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு 4ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல் கூறுவதைக் கண்டார். மிகு வெப்பம் மருந்தைச் சிதைக்கும் என உணர்ந்தார். 1971இல், ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

ஆயினும் ஈதர் எளிதில் தீப்பற்றுவது. தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஹெக்சேனோ பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. அதன் ஆவியை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளரின் நரம்புகளைத் தாக்கவல்லது.

இக்குறைகளைக் களைய வல்லது கரியமிலவாயு முறை. ஏறத்தாழ 31 பாகை செல்சியசுக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேற்பட்ட நிலையில், இது வாயுவைப் போல் ஊடுருவி நீர்மத்தைப் போல் கரைக்கிறது. அழுத்தத்தைக் குறைத்தவுடன் வாயு தானே பிரிந்துவிடும். கரைப்பான் எச்சமற்ற சாறு மிஞ்சும். வாயுவை மீண்டும் பயன்படுத்தலாம். இஞ்சி, மிளகு முதலியவற்றின் சாறும் இவ்வாறு எடுக்கப்படுகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களே இதில் நன்கு கரையும். ஏனையவற்றுக்குச் சிறிது எத்தனால் சேர்ப்பர். உயரழுத்தக் கலன்களின் விலையே இம்முறைக்குப் பெருந்தடை.

எனினும், நோயாளியைக் காக்கும் மருந்து அதனை ஆக்குவோரின் உடலைக் கெடுத்தல் முறையன்று. கலனுக்கு ஆகும் செலவோடு இதனையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.