மா ஈக்கு ஒரு பொறி, பாகல் ஈக்கு வேறு பொறி

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பெரிய முதலியார்சாவடியிலிருந்து மரக்காணம் உப்பளப் பகுதி வரையிலான கடலோர ஊர்களில், மா, கொய்யா மரங்களுடன் பாகல், புடல், பீர்க்கு, பூசணி போன்ற கொடிக் காய்கறிகளும் சிறு நிலங்களில் பயிரிடப்படுகின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான எதிரி பழ ஈ. வெளிப்பார்வைக்கு நல்ல பழமாகத் தோன்றும். அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். வியாபாரி நாலு பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, கூடை முழுவதற்கும் விலையைக் குறைத்து விடுவார்.

இப்போது கடைகளில் பழ ஈக் கவர்ச்சிப் பொறிகள் கிடைக்கின்றன. ஆனால் மாந்தோப்புக்கு உரிய பொறியைப் பாகல் பந்தலில் கட்டிவிட்டு, 'ஒரு ஈயும் விழவில்லை' என்று கைவிடும் விவசாயிகளும் உண்டு. பொறி வாங்கிய பணமும் போய், காயும் போகிறது. இதற்குக் காரணம் பொறியின் குறை அல்ல. ஈயின் இனம் அறியாததே.

எது பழ ஈ?

பழ ஈ என்ற பெயரில் இரண்டு வகை ஈக்கள் உள்ளன. கீழே விழுந்து புளித்துக் கிடக்கும் முந்திரிப் பழத்தின் மேலும், வாழைப்பழத் தோலின் மேலும் மொய்க்கும் சிவந்த கண்ணுடைய பொடி ஈ ஒரு வகை. அமெரிக்க விஞ்ஞானி மார்கன் 1910-ல் இந்த ஈயை வைத்துத்தான் பாரம்பரியம் பற்றிய ஆராய்ச்சியில் பெரிய முன்னேற்றம் கண்டார். 1933-ல் நோபல் பரிசும் பெற்றார். இங்கு காணப்படும் பொடி ஈக்கள் அழுகிய பழத்தில் வளர்பவை. மரத்திலுள்ள நல்ல பழத்தை இவை கெடுப்பதில்லை.

இதன் உறவுக் கூட்டமான மற்றொரு வகையே உண்மையான பகைவன். இது வீட்டு ஈயின் அளவு இருக்கும். உடல் பழுப்பாகவும், முதுகில் மஞ்சள் கோடுகளுடனும் காணப்படும். பெண் ஈயின் வாலில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. அதனால் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்னும். வளர்ந்த புழு பழத்தை விட்டு வெளியேறி, சில அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறும். புழு பழத்துக்குள்ளும், கூட்டுப்புழு மண்ணுக்குள்ளும் மறைந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து இரண்டையும் தொடுவதில்லை.

கொசு எண்ணெய் காட்டிய வழி

இந்த ஈயைப் பிடிக்கும் வழி கண்டறியப்பட்டது நம் நாட்டில்தான். பீகாரில் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்ற பூச்சியியல் அறிஞர் பணியாற்றி வந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கொசுவை விரட்டச் சிட்ரனெல்லா எண்ணெயைப் பயன்படுத்தினார். கொசு போனதோ இல்லையோ, பழ ஈக்கள் வந்து மொய்த்தன. ஹவ்லெட் அவற்றைப் பிடித்துப் பார்த்தபோது அனைத்தும் ஆண் ஈக்கள். இதை 1912-ல் அவர் வெளியிட்டார். அந்த எண்ணெயில் ஈயை இழுக்கும் பொருளைத் தேடி, மெத்தில் யூஜினால் என்பதே அது என்று 1915-ல் தெரிவித்தார். நம் வீட்டுத் துளசியிலும் இந்தப் பொருள் உண்டு. ஆண் ஈ இதை உண்டு, பெண் ஈயை ஈர்க்கும் வாசனையாகத் தன் உடலில் மாற்றிக்கொள்கிறது என்பது பிற்கால ஆராய்ச்சிகளில் தெரியவந்தது.

இனத்துக்கு ஏற்ற வாசனை

மா, கொய்யா ஆகியவற்றைத் தாக்கும் ஈக்கள் மெத்தில் யூஜினாலைத் தேடி வரும். பாகல், புடல், பீர்க்கு, பூசணியைத் தாக்கும் ஈ வேறு இனம். அது மெத்தில் யூஜினாலைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு உரியது கியூலூர் என்னும் வேறு மருந்து. 1960-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். எனவே பொறி வாங்கும்போது பயிரின் பெயரைச் சொல்லி, உறையில் எழுதியிருப்பதையும் படித்துப் பார்த்து வாங்குவது அவசியம். கியூலூரின் ஈர்ப்புச் சக்தி மெத்தில் யூஜினாலைவிடக் குறைவு. ஆகவே கொடிக் காய்கறிகளில் பொறியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இனம் அறிவதில் விஞ்ஞானிகளும் தடுமாறியது உண்டு. 2003-ல் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் மாவைத் தாக்கும் ஓர் ஈ தென்பட்டது. 2005-ல் அதைப் புதிய இனம் என்று கருதிப் புதுப் பெயரும் சூட்டினர். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து உடலமைப்பு, இனச்சேர்க்கை முதலியவற்றை ஒப்பிட்டு, அது நம் ஆசிய மா ஈயேதான் என்று 2014-ல் முடிவு கூறினர். ஆகவே மெத்தில் யூஜினால் பொறி அங்கும் பயன்படுகிறது.

ஒருவர் மட்டும் கட்டினால் போதாது

பொறியில் விழுபவை ஆண் ஈக்கள். முட்டையிடுவது பெண் ஈ. ஓர் ஆண் ஈ பல பெண் ஈக்களுடன் சேரக் கூடியது. எனவே ஏறக்குறைய எல்லா ஆண் ஈக்களும் பிடிபட்டால்தான் முட்டை குறையும். பக்கத்துத் தோட்டத்தில் பொறி இல்லையென்றால், அங்கே கருவுற்ற பெண் ஈ இங்கே வந்து முட்டையிடும். பசிபிக் கடலிலுள்ள ரோட்டா என்ற சிறு தீவில் 1960-களில் மெத்தில் யூஜினாலும் பூச்சி மருந்தும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவி, மா ஈயை அடியோடு ஒழித்தனர். தீவு முழுவதும் ஒரே சமயத்தில் செய்ததே வெற்றிக்குக் காரணம். நம் ஊர்களில் அடியோடு ஒழிப்பது இயலாது என்றாலும், அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் பொறி கட்டினால் சேதம் நன்கு குறையும்.

செய்ய வேண்டியவை

1. மாந்தோப்பில் அறுவடைக்கு 6 முதல் 8 வாரம் முன்பே ஏக்கருக்கு 10 பொறிகளை, ஆள் உயரத்தில், நிழலான கிளைகளில் கட்ட வேண்டும். சாராயச் சத்து 6 பங்கு, மெத்தில் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் 1 பங்கு கலந்த கரைசலில் ஊறவைத்த சிறு ஒட்டுப்பலகைத் துண்டைத் துளையிட்ட பிளாஸ்டிக் புட்டியில் தொங்கவிட்டும் பொறி செய்யலாம். கொடிக் காய்கறிகளுக்கு மெத்தில் யூஜினாலுக்குப் பதில் கியூலூர் சேர்க்க வேண்டும்.

2. பெண் ஈக்கு முட்டை வளரப் புரதச் சத்து தேவை. அதனால் கருவாட்டு நாற்றத்துக்கு ஆண், பெண் இரண்டும் வரும். துளையிட்ட பைகளில் நனைத்த கருவாட்டுத்தூள் 5 கிராம் வைத்து, ஏக்கருக்கு 20 இடங்களில் பந்தலில் கட்டலாம். தூளை 20 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதில் முன்பு சேர்க்கப்பட்ட டைக்குளோர்வாஸ் மருந்து 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய சிபாரிசைப் பார்த்து அதைத் தேடக் கூடாது; மாலத்தியான் சில துளிகள் சேர்க்கலாம்.

3. விழுந்த பழங்களையும் சொத்தைக் காய்களையும் தினமும் பொறுக்கி, 2 அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அல்லது பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடலாம். குப்பைமேட்டில் எறிந்தால் அங்கிருந்தே அடுத்த தலைமுறை ஈ கிளம்பும். செலவில்லாத இந்த வேலையே எல்லாவற்றிலும் முக்கியமானது.

4. மரத்தடியையும் பந்தலடியையும் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும்.

5. ஒன்றிரண்டு பந்தல் வைத்திருப்போர் பாகல், புடல் பிஞ்சுகளுக்குக் காகித உறை போடலாம்.

இந்த ஈயால் ஏற்படும் நட்டம் தோட்டத்தோடு நிற்பதில்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துடன் பாகல், புடல், கத்தரி ஆகியவற்றின் இறக்குமதியையும் நிறுத்தியது. பழ ஈ முதலிய பூச்சிகளே காரணம். மாம்பழத்துக்கான தடை 2015-ல்தான் நீங்கியது. உள்ளூர்ச் சந்தையானாலும் வெளிநாட்டுச் சந்தையானாலும் புழு இல்லாத பழத்துக்கே விலை. இந்தப் பருவத்தில் பொறி வாங்கும் முன், பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு, பயிருக்கு உரிய பொறியைக் கேட்டு வாங்கிப் பயன் பெறலாம்.