ஒரு நாள் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளிக்கு ஆயுள் ஒரே நாள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு, நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சேர்ந்து சிறகு, காக்காப்பொன்னில் கண். எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுவது வாழைநார். ஒரு கிளி முடிய நாலைந்து மணி நேரம் ஆகும். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தார் இதைச் செய்துவருகிறார்கள். தாயார் கையில் இருந்த கிளி மறுநாள் யாரோ ஒரு பக்தருக்குப் பிரசாதமாகிவிடும். அன்றைக்கு வேறு கிளி கட்ட வேண்டும்.

இந்தக் கிளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் தறி ஞாபகம் வரும். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறோம். எங்கள் துணியும் ஒரு தடவைக்குத்தான். முகம் தெரியாத ஒருவரின் புண்ணைச் சுற்றிவிட்டுக் குப்பைக்குப் போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பக்தி கைவேலையில் தொடங்கியது. பெரியாழ்வார் வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நந்தவனம் வைத்தவர். மண் கொத்தி, தண்ணீர் ஊற்றி, பூப்பறித்து, மாலை கட்டுவதுதான் அவருடைய அன்றாடம். அந்தத் தோட்டத்துத் துளசியடியில் கிடைத்தவள் கோதை என்கிற ஆண்டாள் என்பது ஐதீகம். பெருமாளுக்குக் கட்டிய மாலையை அவள் சூடிப் பார்த்தாள். பெருமாள் அதையே விரும்பினார். இன்றும் சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவக் கருடசேவைக்குத் திருமலைக்கும் இங்கிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை போகிறது.

கோதை தன் பாட்டுக்கும் தெருவையும் வீட்டையும்தான் எடுத்துக்கொண்டாள். திருப்பாவையின் 30 பாசுரங்களில் இருப்பவை தூங்கும் தோழியை எழுப்புவது, விடியலில் நீராடுவது, பால் கறப்பது, தயிர் கடைவது, நெய் வழியச் சோறு உண்பது. பெண்களின் ஒரு நாள் அப்படியே வழிபாடாகிவிட்டது. அதனால்தான் எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவிகளும் மார்கழியில் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். திருமலையில் அந்த மாதம் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான்.

அவள் கதை அரசரையும் எழுத வைத்தது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் அதை 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்கில் காவியமாக்கினார். ஆந்திர விஷ்ணு கனவில் வந்து கேட்டதால் எழுதியதாக அந்நூலிலேயே சொல்கிறார். எங்கள் ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் பேசுவதும் தெலுங்குதான். அவர்களுக்கும் ஆண்டாள் வேற்றூர்க்காரி இல்லை.

ஆடிப்பூரத் தேருக்கு வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். நந்தவனத்துக்கும் போங்கள். அந்தக் கிளியின் வாழைநார்க் கட்டையும் கவனியுங்கள். நாளைக்கு இருக்காது என்று தெரிந்தும் கட்டு தளர்வதில்லை.

தறியில் இழை அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். அலுப்பில் அப்படியே விட்டுவிடலாம். யார் கண்ணிலும் படாது. நான் நிறுத்துகிறேன். கோயிலுக்குப் போக முடியாத நாளில் நான் செய்யும் பூசை அதுதான். கும்பிடுகிற கையும் வேலை செய்கிற கையும் எனக்கு ஒன்றுதான். இதைக் கற்றுக்கொடுத்தது ஆண்டாளின் ஊர்.