விழித்திரையை வாசிக்கும் கணினி

சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கும்போது வலிக்காது. தொடக்கத்தில் பார்வையும் மங்காது. விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களில் ஊசிமுனை அளவுக்குப் புடைப்புகள் தோன்றும். பிறகு ரத்தம் கசியும், மஞ்சள் திட்டுகள் படியும். நோய் முற்றினால் வலுவில்லாத புதுக் குழாய்கள் முளைத்து உடையும். அந்த நிலையில் போன பார்வையை மீட்பது கடினம். முன்பே தெரிந்தால் லேசராலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலான கண்களைக் காப்பாற்றிவிடலாம்.

சிக்கல் ஆள் பற்றாக்குறைதான். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை இவர்கள் எல்லோருடைய விழித்திரைப் படத்தையும் பார்க்க மருத்துவர்கள் போதாது. அந்த வேலையில் ஒரு பங்கைத்தான் ‘டீப் லேர்னிங்’ எனும் ஆழ்கற்றலிடம் ஒப்படைக்கிறார்கள்.

இதில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. கூகுள் நிறுவனம் இந்த நோயைக் கண்டறியும் தன் மென்பொருளை உருவாக்க அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் அமெரிக்கப் படங்களையும் சேர்த்து, சுமார் 1,28,000 படங்களைப் பயன்படுத்தியது. 54 கண் மருத்துவர்கள் அவற்றைத் தரம் பிரித்தனர். ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை பார்த்தனர்.

‘புடைப்பு இப்படித்தான் இருக்கும்’ என்று யாரும் கணினிக்கு விதி எழுதித் தரவில்லை. படத்தைப் பார்த்து அது ஒரு விடை சொல்லும். மருத்துவர்களின் விடையோடு ஒப்பிட்டு, தவறிய அளவுக்குத் தன்னுள் இருக்கும் லட்சக்கணக்கான எண்களைச் சற்றே திருத்திக்கொள்ளும். இப்படியே திரும்பத் திரும்ப நடக்கும். முதல் அடுக்குகள் விளிம்பையும் நிறத்தையும் பிடிக்கும். ஆழமான அடுக்குகள் கசிவையும் திட்டையும் அடையாளம் காணும். ஆக, கணினியின் அறிவு அந்த 54 பேரின் பொறுமையான உழைப்பிலிருந்து வந்தது. அந்த உழைப்பை மறந்து இயந்திரத்தை மட்டும் புகழ்வது நியாயமல்ல.

2016-இல் வெளியான முதல் சோதனையில், நோயைத் தவறவிடாதபடி அமைத்த உயர் உணர்திறன் நிலையில், நோயுள்ள 100 படங்களில் 96-98 படங்களை மென்பொருள் கண்டுபிடித்தது. பின்னர் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது, அந்த விகிதம் அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1. மனிதர்கள் தரம் பிரித்ததற்கு இது குறைந்ததல்ல. ஆனாலும் சேமித்து வைத்த படங்களில் கிடைத்த எண், நேரில் வரும் நோயாளிகளிடம் அப்படியே கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்த தாய்லாந்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. படம் பார்த்து முடிவு சொல்ல முன்பு 10 வாரங்கள் வரை ஆன இடங்களில், கணினி சில நிமிடங்களில் சொன்னது. ஆனால் அறை வெளிச்சம் சரியில்லாததால் ஐந்தில் ஒரு படத்தை அது ஏற்கவே இல்லை. இணைய வேகமும் காலை வாரியது. நம்மூர் முதியவர்களுக்குக் கண்புரையும் சேர்ந்திருந்தால் படம் இன்னும் மங்கும்.

திருநெல்வேலி பேட்டையில் பீடி சுற்றும் ஒருவர் பரிசோதனைக்காக ஜங்ஷன் வரை போய்க் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும். பக்கத்திலேயே ஒரு கேமராவும் அதை இயக்கத் தெரிந்த பணியாளரும் இருந்தால், முடிவு கையில் கிடைத்த பிறகே, தேவைப்பட்டவர் மட்டும் பஸ் ஏறலாம். ஒன்று மட்டும் கவனம்: இந்த மென்பொருள் தனக்குக் கற்பித்ததை மட்டுமே தேடும். அதே படத்தில் கண் அழுத்த நோயின் அறிகுறி இருந்தால், அதற்கும் பயிற்சி தந்திருந்தாலொழிய அது சொல்லாது. மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.