காசநோய்க் குளிசையும் சூரை மீனும்

சிலாபம், கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டத்துக்கோ உப்பளத்துக்கோ வேலைக்குப் போன பிள்ளைகள், லீவில் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் சூரை மீன் கட்டிக்கொண்டு வருவது உண்டு. சிங்களத்தில் பலயா என்பது அதுதான். நல்ல கறி. ஆனால், வீட்டில் யாராவது காசநோய்க்குக் குளிசை குடிக்கிறார்களா? அப்படியானால் அவருக்கு அந்தக் கறி வேண்டாம்.

சூரையை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வைத்தாலே அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. நம் குடலிலும் ஈரலிலும் நொதியங்கள் இருக்கின்றன. உணவையும் மருந்தையும் உடைத்துக் கழிக்கும் வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஹிஸ்டமின் உள்ளே போனால் அவை சமாளித்துவிடும். ஆனால் காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மருந்து, இந்த வேலையாட்களின் கையைக் கட்டிப்போடுகிறது. அப்புறம் என்ன? சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு அரிக்கும், வாந்தியும் வரலாம். இதை ஆராய்ந்து 1977இல் உலகுக்கு எழுதியவர்கள் நம் நாட்டு மருத்துவர்களான ஊரகொடவும் கொட்டேகொடவும்தான்.

பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மூச்சு முட்டினால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதைவிட மோசம், "குளிசை எனக்கு ஒத்துக்கல்ல" என்று மருந்தையே விட்டுவிடுவது. ஆறு மாதக் குளிசையை இடையில் விட்டால் நோய் திரும்பும். பிறகு அந்த மருந்துக்கே அடங்காமலும் போகலாம். விட வேண்டியது மீனை. கண் மஞ்சளானால் அது வேறு சங்கதி, அன்றைக்கே செஸ்ட் கிளினிக்கில் காட்டுங்க.

சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் ரிஃபாம்பிசின் செய்வது இதற்கு நேர் எதிர். அது ஈரலில் வேலையாட்களைக் கூட்டிவிடும். அவர்கள் மற்ற மருந்துகளைச் சீக்கிரமே உடைத்துத் தள்ளிவிடுவார்கள். சீனி வருத்தக் குளிசை சிலதும், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும் பலம் குறைந்துபோகும். கருத்தடைக் குளிசையும் அப்படித்தான். ஒருநாளும் மறக்காமல் குடித்த தங்கச்சிக்கும் பிள்ளை தங்கிவிடலாம். கையில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கும் இதே கதை. லூப்புக்கு ஒன்றும் ஆகாது. மூன்று மாத ஊசியையும் பாவிக்கலாம். வெட்கப்படாமல் மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்க.

காசநோய்க் குளிசை முடிந்த அன்றே ஈரல் பழையபடி ஆகாது. இன்னும் ஒரு மாதத்துக்காவது அந்த வேறு வழியையே வைத்துக்கொள்ள வேண்டும்.