காவல் நாயின் கடைசி நாட்கள்

அடையாறு, தியாகராய நகர்வாசிகள் முடியாமல் படுத்த நாயை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 1959-ல் கேப்டன் சுந்தரம் துவக்கிய புளூ கிராஸுக்கோ கொண்டு செல்கிறார்கள். நமக்கு உள்ளூர் கால்நடை மருந்தகம் உண்டு.

பத்துப் பன்னிரண்டு வயதான நாய் தீனி மறுத்து, எழமுடியாமல் மூலையில் ஒதுங்கினால் காலம் நெருங்கியிருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் இப்படித்தான் சுருண்டு படுக்கும். அது வைத்தியத்தில் தேறக்கூடியது. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டவும். தாடை தொங்கி எச்சில் ஒழுகினால் வெறிநோயாக இருக்கலாம்; வாயில் கை வைக்கக் கூடாது.

உலர்ந்த சாக்கில் கிடத்தி, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் புரட்டிப் போடவும். இல்லையேல் படுக்கைப் புண் வரும். தலையைத் தூக்கிப் பிடித்து, விழுங்கினால் மட்டும் கஞ்சி கொடுக்கவும். ஊற்றினால் புரையேறும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரை நாய்க்கு விஷம். வேதனை தீராதென்றால் மருத்துவர் ஊசி போட்டு முடிப்பார். சந்தையடியில் விட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல். இறந்த பின் கிணற்றுக்கு எட்டத்தில் ஆழமாகப் புதைக்கவும்.