பிழை வந்தது சரி, எந்தப் பிழை?

மலேசிய அடையாள அட்டையில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், ஜொகூருக்கு 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண்.

ஜொகூர் பாருவில் வேலை பார்த்தபோது, இந்த எண்ணைச் சரிபார்க்கும் நிரலுக்குச் சோதனை எழுதினேன். 13ஆம் மாதம் என்று வந்தால் நிரல் பிழை எழுப்ப வேண்டும். 901315-01-567 என்று கொடுத்தேன். பிழை வந்தது, திரையில் பச்சை. நிம்மதியாகத் தே தாரிக் குடிக்கப் போய்விட்டேன்.

எண்ணிப் பாருங்கள், 11 இலக்கம்தான்! நிரல் நீளத்தைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டது. மாதத்தைத் தொடவே இல்லை. நீளத் தவறு, மாதத் தவறு இரண்டுக்கும் ஒரே வகைப் பிழை, பைத்தானின் வேல்யூஎரர். என் சோதனையோ வகையை மட்டும் கேட்டது. மாதச் சரிபார்ப்பை யாராவது அழித்திருந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும்.

பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் இதற்குத்தான் ‘மேட்ச்’ இருக்கிறது: பிழைச் செய்தியில் ‘மாதம்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடும். ஜாவாக்காரர்களுக்கும் இதே பாடுதான். அவர்களின் சோதனைக் கருவியான ஜேயூனிட் 4இன் ‘எக்ஸ்பெக்டட்’ வகையோடு நின்றுவிடும். அந்தப் பிழை சோதனையின் எந்த வரியில் வந்தாலும் தேர்ச்சி. 4.13இல் சேர்ந்த ‘அசெர்ட்த்ரோஸ்’ பிழையையே கையில் தருகிறது, பிரித்துப் பார்க்கலாம்.

அதற்காகச் செய்தி முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். யாரோ ஒரு கமாவைத் திருத்தினால் சோதனை விழும். பிழைக்குள் ஒரு குறியெண் வைத்து அதைக் கேட்பதே என் கட்சி.